தாழ்ப்பாள் என்று பெயர் வைத்துக்கொண்டவள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களுக்கும் பொடிசுக்கும் அண்ணனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? உங்கள் போனுக்கு அடித்தால் ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் எடுக்கிறான். "அவ வேலையா இருக்கா, எங்கிட்ட சொல்லு" என்கிறான். அவனிடம் சொல்ல எனக்கென்ன இருக்கிறது? அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். நீங்கள் போட்டுக் கொடுத்த மூக்குக்கண்ணாடியின் கூட்டில் உங்கள் கடை முகவரி அச்சாகியிருந்தது, அங்கேயே அனுப்புகிறேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து ஜன்னல் வழியாகக் குடையை நீட்டினீர்களே, இங்கே இறங்கியதும் நல்ல மழை. நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பஸ் இரைச்சலில் காதில் விழவில்லை.

ஒரு குறை. அந்தக் குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். ஊரார் கம்ப்யூட்டரை எல்லாம் பழுதுபார்க்கிறவன் வீட்டில், ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மோந்து குளித்தேன்.

ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. கைப்பேசி வழியாக வீட்டாரால் கண்காணிக்கப்படும் பெண்களைப் பற்றியது. ஒரு பெண்கள் உதவி மையத்தின் இணையப் பக்கத்தில், பயத்தில் இருப்பவர்கள் பெயர் சொல்லாமல் எழுதுகிறார்கள். சம்மதித்தவர்களின் எழுத்து மட்டும், ஊரும் எண்ணும் நீக்கப்பட்டு, மாதக் கடைசியில் எனக்கு வரும். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் யாரென்று எனக்கும் தெரியாது. யாரென்று தேட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பொடிசின் கன்னத்தில் ஒரு முத்தம் போட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள்.

உங்கள் பிரியத்துக்குரிய,
ஊசி போடாத டாக்டர்


ஜூன் 21

ஊசி போடாத டாக்டருக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதத்தைக் கடைக்கார அம்மா கொண்டுவந்து கொடுத்தபோது யாருக்கோ வந்ததை எனக்குத் தருகிறார்களோ என்று நினைத்தேன். எனக்குக் கடிதம் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணனுக்குத்தான் அடிக்கடி தலைவலி, நாள் முழுக்கத் திரையையே பார்க்கிறார் இல்லையா. பொடிசு பல் விழுந்த ஓட்டையில் விசிலடிக்கப் பழகிவிட்டாள்.

என் போனில் ஏதோ கோளாறு. அவர் சரிசெய்வதாகச் சொல்லி வைத்திருக்கிறார். நீ கடைக்கே எழுது. வீட்டுத் தெருவில் ஒரு நாய் இருக்கிறது, தபால்காரர் பயந்துபோய்க் கடிதங்களைக் கண்ட இடத்தில் வீசிவிடுகிறார்.

கடையில் இப்போது என்னைச் சாணைபிடிக்கும் இயந்திரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்க்கும் வேலை. அது சுற்றும்போது வேறு எந்தச் சத்தமும் கேட்காது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உன் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு ஒரு சந்தேகம். பேரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாமல் போய்விடுமா? ஒருத்தி பேசுகிற விதத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா? உன்னைத் தவிர வேறு யார் யார் அதைப் படிப்பார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தாழ்ப்பாள் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே, மறந்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததில் பாதி அலுப்பு போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் வந்து போனது, இப்போது தேவலை. அண்ணனின் தலைவலிக்கு உங்கள் கடையிலேயே கண்ணைப் பார்த்துவிடலாமே? தன் வீட்டு விளக்கு ஊருக்கு மட்டும் எரியக் கூடாது.

உங்கள் சந்தேகம் என் ஆய்வு நெறியாளர் அம்மாவே பாராட்டக்கூடிய சந்தேகம். வீடியோ அழைப்பில் வாரந்தோறும் அவர் என்னிடம் கேட்பதும் இதைத்தான். பயப்படவே வேண்டாம். அந்தப் பெண்களே தங்களுக்கு ஒரு பொய்ப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி மூடி, ஒருத்தி பூட்டிய பை, ஒருத்தி தாழ்ப்பாள். இந்தத் தாழ்ப்பாள் எழுதுவதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதிகமாக எழுதவும் மாட்டாள். மூன்று வரி எழுதிவிட்டு "ஆள் வருது" என்று போய்விடுவாள். என்ன எழுதினாள் என்பதை உங்களிடம்கூடச் சொல்லக் கூடாது.

என்னையும் நெறியாளரையும் தவிர யாரும் படிக்க முடியாது. எல்லாம் என் இணையக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. அண்ணன்தானே அந்தக் கணக்கையும் லேப்டாப்பையும் அமைத்துக் கொடுத்தான். ஏதாவது நின்றுபோனால் அங்கே உட்கார்ந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்துவிடுகிறான். போன வாரம் ஒரு கோப்பு திறக்கவில்லை, நான் கேட்பதற்குள்ளேயே திறந்து வைத்திருந்தான். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று கூடப் படிக்கிறவள் பொறாமைப்படுகிறாள்.

உங்கள் போன் என்ன ஆயிற்று?

அன்புடன்,
உங்கள் நாத்தி


ஜூலை 9

கடிதம் கிடைத்தது.

உன் கம்ப்யூட்டரை அவரிடம் சரிசெய்யச் சொல்லாதே. அவருக்கு வேலை அதிகம், தொந்தரவு கொடுக்காதே. உன் பாஸ்வேர்டை மாற்றிவிடு. மாற்றினால் அவருக்குத் தெரியவருமா? தெரியவரும் என்றால் மாற்றாதே. தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் செய். ஏன் என்று கேட்டுப் பதில் போடாதே.

கடையில் கூட்டம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். நான் நலம்.

அ.


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதல் கடிதத்தில் வழக்கத்துக்காகக் கேட்டேன். இன்று நிஜமாகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் அவசரக் கடிதம் வந்தபோது சிரித்தேன். அண்ணி யாரோ வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டுப் பயந்துவிட்டார் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அதற்காக என்னை நானே எத்தனை தடவை வைதுகொண்டேன் தெரியுமா.

மாதக் கடைசிக் கட்டு நேற்று மையத்தின் பக்கத்திலேயே படிக்கக் கிடைத்தது. அதில் தாழ்ப்பாள் எழுதியிருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கணவனின் தங்கை வந்திருந்தாளாம். அவள் இருந்தவரை வீட்டில் குரல் உயரவில்லையாம். அவள் ஊருக்குக் கிளம்பும்போது "என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடு"ன்னு சொல்லப் பின்னாலேயே ஓடினாளாம். ஜன்னல்கிட்ட போனதும் வாய் வரவில்லையாம். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம்.

கையில் என்ன இருந்தது என்றும் எழுதியிருக்கிறாள்.

அண்ணி, நான் திரையை மூடிவிட்டு நடைபாதையில் போய் நின்றேன். கூடப் படிக்கிறவள், "என்னாச்சு, முகமெல்லாம் வெளுத்திருக்கு" என்றாள். தூக்கம் இல்லை என்றேன்.

பிறகு என் கணக்கைத் திறந்து, அது எந்தெந்தக் கருவியில் திறக்கப்பட்டிருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தேன். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. என்னுடையது ஒன்று. உங்கள் ஊரிலிருந்து ஒன்று. என் தரவுக் கோப்புறை அங்கே ஏறக்குறைய தினமும் திறக்கப்பட்டிருக்கிறது. நேற்றைய கட்டு அதற்குள் இன்னும் போகவில்லை, போக விடவும் மாட்டேன். ஆனால் தாழ்ப்பாள் அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் அங்கே இருக்கிறது. குளிர்பெட்டிக்கு மேலே இருக்கும் கேமராவைப் பற்றி அவள் எழுதியது. அது பார்க்காத மூலையில் நின்று அழுவதைப் பற்றி எழுதியது.

நெறியாளரிடம் ஊர் பேர் சொல்லாமல் கேட்டேன். "ஆளைத் தேடிப் போகக் கூடாது, அது விதி. ஆனா ஒரு உயிருக்கு ஆபத்துன்னா விதியைக் கட்டிக்கிட்டு அழக்கூடாது. மையத்துக்குப் பேசு" என்றார். மையத்துப் பொறுப்பாளரிடம் பேசினேன். "பாஸ்வேர்டை இப்ப மாத்தாதீங்க. திடீர்னு கதவைச் சாத்தினா உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். முதல்ல அவங்க வெளியில வரணும். அப்புறம் பூட்டிக்கலாம்" என்றார். நீங்களும் இதையேதான் எழுதியிருந்தீர்கள்.

நான் அவனுக்குத் தங்கை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். ஆடியது, உண்மைதான். நேற்று சாயங்காலம் வரை அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சுவரோடு வாதாடினேன். இப்போது வாதாடவில்லை.

ஒரு வார்த்தை எழுதுங்கள். ஆம் என்றோ இல்லை என்றோகூட வேண்டாம். கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள்.

நான்


ஆகஸ்ட் 14

அண்ணி,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? கடைக்குப் போகவில்லையா? கேட்க வேறு வழி தெரியாமல் மறுபடி இங்கேயே எழுதுகிறேன்.

நேற்று அண்ணன் பேசினான். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் பேசினான். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று எல்லாம் கேட்டான். அம்மாவின் மூட்டு வலியைப் பற்றிச் சொன்னான். பிறகு, "உன் ஆராய்ச்சில ஒருத்தி தாழ்ப்பாள்னு பேர் வச்சுருக்காளே, நல்ல கற்பனை" என்றான்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"நீதான் சொன்னே. மறந்துட்டியா?"

நான் சொல்லவில்லை, அண்ணி. உங்களுக்கு எழுதியதைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

"எந்த ஊர்க்காரி அவ?" என்றான்.

"எங்களுக்கு அதெல்லாம் சொல்ல மாட்டாங்கண்ணா."

"விசாரிச்சா தெரிஞ்சுடாதா? பாவம், யாரோ ரொம்பக் கஷ்டப்படறா போல. இந்த மாதிரி பொம்பளைங்க புருஷன் பக்கத்து நியாயத்தையும் யாராவது கேக்கணும்ல."

பேச்சு முடிந்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். உங்களோடு பேசணும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் உங்களுக்கு என்ன ஆகுமோ என்று கேட்கவில்லை. சின்ன வயதில் நாய்க்குப் பயந்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். இப்போது அவனிடமிருந்து ஒளிய எனக்கு ஒரு இடம் தெரியவில்லை. லேப்டாப்பின் கண்ணில் காகிதம் ஒட்டியிருக்கிறேன். அதன் முன்னால் உட்காரும்போது மூச்சைக்கூட மெதுவாக விடுகிறேன்.

எழுதுங்கள்.


ஆகஸ்ட் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

நானும் உங்கள் சகோதரரும் குழந்தையும் மிக்க நலம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

தாங்கள் கடை முகவரிக்குக் கடிதம் எழுதி வருவது எங்களுக்குச் சங்கடமாக உள்ளது. குடும்பத்தில் ஒளிவுமறைவு தேவையில்லை. இனி எழுதுவதாக இருந்தால் வீட்டு முகவரிக்கே எழுதவும். எல்லோரும் சேர்ந்து படித்து மகிழ்வோம். நான் தற்போது வேலைக்குச் செல்லவில்லை. வீட்டில் ஓய்வாக இருக்கிறேன்.

தங்கள் ஆராய்ச்சி சிறக்க வாழ்த்துகள். தேவையற்றவர்களின் பொய்க் கதைகளை நம்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி


ஆகஸ்ட் 29

மதிப்புக்குரிய கடைக்கார அம்மாவுக்கு,

வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. உங்கள் கடையில் வில்லை தேய்க்கும் பெண்ணின் நாத்தனார் நான். அவர் கணவரின் தங்கை. இதைப் படித்ததும் நீங்கள் தாளைக் கீழே வைத்துவிடக்கூடும். தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

அண்ணியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுத்து அவருடையது, வார்த்தை அவருடையதல்ல. என்னை அவர் ஒருநாளும் "தாங்கள்" என்றதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல எழுதியது அது. நிற்பவரின் பேச்சு எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

அவர் வேலைக்கு வராதது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரணமும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் அவர் மையத்துக்கு எழுதினார் என்றால், நீங்கள் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்திருக்கிறீர்கள். அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உதவி மையத்துப் பொறுப்பாளர் உங்கள் கடைக்குக் கண்ணாடி வாங்குகிறவர் மாதிரி வருவார். அவர் பேசுவதைக் கேளுங்கள். அண்ணனை மறுபடி இறங்கி வரவைத்து, அண்ணியை வேலைக்கு அனுப்பச் செய்வது என் பொறுப்பு. அதற்காக நான் சில பொய்களை எழுதப்போகிறேன். எதை ஆராய்ச்சியில் செய்யவே கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்களோ, அதையும் செய்யப்போகிறேன்.

எனக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் என் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். போன் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம்.

நன்றியுடன்,
உங்கள் கடைப் பெண்ணின் நாத்தனார்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் பொடிசுக்கும்,

எல்லோரும் சௌக்கியமா? நான் கொழுகொழுவென்று இருக்கிறேன். வீட்டுக்கே எழுதச் சொன்னது நல்லதாயிற்று, ஒரே தபால்தலையில் மூன்று பேருக்கும் எழுதிவிடலாம்.

அண்ணா, அன்று கேட்டாயே, அந்தத் தாழ்ப்பாள் புதிதாக எழுதியது வந்திருக்கிறது, கோப்புறையில் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்த கிழவியாம். மகன்கள் கேமரா வைத்துப் பார்க்கிறார்களாம். நான்தான் இளம்பெண் என்று நினைத்து உருகிப்போனேன். நீ சொன்னது சரி, இவர்கள் கதையை எல்லாம் நம்பக் கூடாது. தலைப்பையே மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

அம்மா போனில் ஒரே புலம்பல். அண்ணி வேலையை விட்டுவிட்டதாக யாரோ சொன்னார்களாம். வீட்டில் ஏதும் சண்டையா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். நான் அதெல்லாம் இல்லை, உடம்பு சரியானதும் போவார் என்று சொல்லி வைத்தேன். அவர்கள் வாயை நீதான் அடைக்க வேண்டும்.

உன் தலைவலி எப்படி இருக்கிறது? திரையைப் பார்க்கிற கண்ணை அலட்சியம் செய்யாதே.

பாசமுள்ள தங்கை


செப்டம்பர் 26

அன்புள்ள பெண்ணுக்கு,

கடைக்காரி எழுதுகிறேன். நான் நலம். அவர்கள் இருவரும் நலம். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

நீ அவளுக்குக் கடைசியாக எழுதிய கடிதம் வந்தபோதே அவள் வேலைக்கு வருவது நின்றிருந்தது. பிரிக்காமல் என் மேசையில் வைத்திருந்தேன். உன்னுடைய முதல் கடிதத்தை மட்டும் அவள் கிழிக்காமல் பையில் வைத்திருந்தாள், அவளுக்கு அதில் ஆசை. அதைத்தான் அவன் கண்டெடுத்தான். அதற்குப் பிந்தியதை எல்லாம் அவள் இங்கேயே கிழித்து வில்லைத் தூள் கலந்த தண்ணீரில் கரைத்துவிட்டாள், நல்லவேளை.

நீ எழுதிய பொய் வேலை செய்தது. இம்மாத நடுவில் அவனே அவளைக் கொண்டுவந்து விட்டான். காலையில் விடுவான், சாயங்காலம் பள்ளிக்கூடம் முடிந்து பிள்ளை இங்கே வந்த பிறகு வந்து இரண்டு பேரையும் கூட்டிப் போவான். அவளுடைய போன் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். நம் கடை வாசலைப் பார்க்கிற மாதிரி எதிர்க்கடையில் ஒரு கேமரா இருக்கிறது. அதை மாட்டிக்கொடுத்ததே அவன்தான். பின்பக்கம் குப்பை போடும் சந்தில் ஒன்றும் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது நான், "உங்க தலைவலிக்கு இன்னிக்குக் கண்ணைப் பார்த்துடலாமா? உங்க வீட்டம்மா ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காங்க" என்றேன்.

"தங்கச்சியும் எழுதியிருந்தா" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தான். அவள் இயந்திரத்தில் இருந்தாள். பிள்ளை பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தது. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"கண்ணுல மருந்து விட்டுப் பார்க்கணும். கொஞ்ச நேரத்துக்குக் கிட்டத்துல இருக்கற எழுத்து தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது. பரவாயில்லையா?"

ஒளிக்காமல் சொன்னேன். என் தொழிலில் பொய் சொல்லி யார் கண்ணிலும் மருந்து விட மாட்டேன். அவன் யோசித்துவிட்டு, "மெஷின் சத்தம் கேட்டுட்டே இருக்கணும்" என்று சிரித்தான். விளையாட்டாகச் சொல்வதுபோல.

மருந்து விட்டு, கண்ணை மூடி உட்கார வைத்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் அப்போது உட்கார்ந்திருந்தது என் மருமகள். உன் அண்ணியும் பிள்ளையும் சந்து வழியாகப் போய் மையத்தின் வண்டியில் ஏறிவிட்டார்கள். போகும்போது அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்குச் சத்தம் போடாமல் நடக்கத் தெரிந்திருப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நடுவில் அவன், "பாப்பா சத்தத்தையே காணோமே" என்றான். "படம் வரையுது" என்றேன். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். தூரத்து எழுத்தையெல்லாம் சரியாகப் படித்தான்.

எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். கத்தவில்லை. போனை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், மறுபடி கிட்டே கொண்டுவந்தான். ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் நீட்டி, "இதுல மேப் திறந்து குடுங்க" என்றான். "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மருந்தில் கருவிழி முழுக்க விரிந்திருந்தது. பெண்ணே, எத்தனை கண்ணைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கண்ணைப் பார்க்க மட்டும் என்னால் முடியவில்லை.

இப்போது தினமும் எதிர்க்கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் தனியாகக் கடை திறப்பதில்லை. நீயும் அறைக் கதவைப் பூட்டிக்கொள்.

இப்படிக்கு, உன் நலம் நாடும்
கடைக்காரி


நவம்பர் 8

டாக்டருக்கு அண்ணி எழுதுவது.

மையத்துக்காரர்கள் மூலம் வரும் இந்தக் கடிதத்தில் முகவரி இருக்காது, தேடாதே. எனக்கும் பொடிசுக்கும் உடம்பு பரவாயில்லை. இங்கே எங்கள் அறைக்கு உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளலாம். முதல் வாரம் பொடிசு அதைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தாள். நான் இன்னும் மூலையில் நின்றுதான் தலை வாருகிறேன்.

எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உன் மேல் எனக்கிருந்த கோபம். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கோபமா என்று கேட்பாய். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே என் எழுத்து உன் கைக்குத்தான் வருகிறது என்று தெரிந்துவிட்டது. நிறுத்திவிட நினைத்தேன். முடியவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வாய். பிறகு, நீ படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று வேண்டுமென்றே குடையைப் பற்றி எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டு, அவரும் படித்துவிடுவாரோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். என் உயிர் உன் பாஸ்வேர்டில் தொங்கியது, நீயோ அதை அவரிடமே கொடுத்துவைத்திருந்தாய். தெரியாமல் செய்தாய், தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன், இனி மனதில் இல்லை.

நீ கட்டிய கிழவிக் கதையை நெறியாளரிடம் ஒப்புக்கொண்டுவிட்டாய் என்றும், அதனால் சேர்த்த தரவு முழுவதையும் தள்ளிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாய் என்றும் இங்கே சொன்னார்கள். மற்றப் பெண்களுடைய எழுத்தும் போயிற்றா? அவர்களும் அவர் கண்ணில் பட்டவர்கள்தானே. அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அவர் என்னை அண்டக் கூடாது என்று நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறோம். அவருடைய வக்கீல், எல்லாம் நான் கற்பனை செய்தது என்கிறார். கேமரா திருடனுக்காம். என் போன் பழுதாம். அவர் ஒளிந்து பார்ப்பவர் என்பதற்கு என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. உன் கணக்கில் அவர் நுழைந்தது மட்டும்தான் எழுத்தில் இருக்கிறது. அதை நீ நேரில் வந்து சொன்னால்தான் செல்லும் என்கிறார்கள். அவரும் அங்கே இருப்பார்.

அவர் உன் அண்ணன். நீ வராவிட்டால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது பொய் என்பதால் எழுதவில்லை.

பொடிசு உன்னைக் கேட்கிறாள்.

அண்ணி


நவம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தில் உங்கள் பேச்சைப் படித்து எத்தனை நாளாயிற்று. உங்கள் கோபம் எனக்கு வேண்டும், அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

மற்றப் பெண்களுக்குச் சொல்லியாயிற்று. மையத்துக்காரர்கள் ஒவ்வொருத்தரிடமும் சொன்னார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூடி என்று பெயர் வைத்திருந்தவர், "இனிமே யார்கிட்டயும் எழுத மாட்டேன்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் திரும்பி வரவேயில்லை. அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. உங்களைக் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

கணக்கைப் பூட்டி, சாட்சிக்கு வேண்டியதை நெறியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அண்ணன் போன வாரம் இங்கே வந்தான். விடுதி வரவேற்பறையில் கூப்பிட்டார்கள், தெரியாமல் இறங்கி வந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். எனக்குப் பிடித்த பழம் வாங்கி வந்திருந்தான். "அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு, போதும். எம்மேல உனக்குப் பாசம் இல்லையா?" என்றான். கண்ணில் தண்ணீர் வந்தது அவனுக்கு. பொய்த் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது என்றேன், அது நிஜம். கிளம்பும்போது, "உன் ரூம் ஜன்னல் ரோட்டுப் பக்கந்தானே? ஜன்னலை மூடிட்டுத் தூங்கு" என்றான். என் அறை எது என்று நான் அவனிடம் சொன்னதேயில்லை. இப்போது கூடப் படிக்கிறவளின் அறையில் படுத்துக்கொள்கிறேன்.

அம்மா பேசினாள். "கூடப் பொறந்தவனையா கூண்டுல ஏத்தப்போறே?" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். கடைசியில், "அவளை அடிச்சானா?" என்று கேட்டாள். அதை என்னிடம் கேட்காதே, அண்ணியிடம் கேள் என்றேன். "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பேசப்போகிறேன் என்று தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தால் முதல் வாக்கியத்திலேயே குரல் உடைகிறது. "இவர் என் அண்ணன்" என்பதுதான் அந்த வாக்கியம்.

பொடிசிடம் சொல்லுங்கள். பயந்துகொண்டேதான் வருகிறேன், ஆனால் வருகிறேன்.

உங்கள் நாத்தி